வாலால் வீடு உடைக்கும் வீமன்: கட்டி வைப்பதா, வேறு வழி உண்டா?

பாண்டிருப்பான் | சனி, இரவு 9.20

எங்கள் வீட்டு நாயின் பெயர் வீமன். திரௌபதை அம்மன் கோயில் ஊரில் இருந்துகொண்டு நாய்க்கு இந்தப் பெயரா என்று அம்மாவுக்கு இன்றுவரை கோபம். அவர் ‘குண்டன்’ என்றுதான் கூப்பிடுவார். மகள் வைத்த பெயரை மாற்ற என்னாலும் முடியவில்லை. இரண்டு பெயருக்கும் அவன் ஓடி வருவான். ஓடி வருவதில்தான் பிரச்சினையே இருக்கிறது.

வயது 14 மாதம். அல்சேஷன் கலப்பு, தாய் ஊர் நாய். அரிசி நிறுக்கும் தராசில் சாக்கோடு ஏற்றிப் பார்த்தோம், 31 கிலோ. இன்றுவரை யாரையும் கடித்ததில்லை. வாசலில் மீன்காரர் மணி அடித்தால்கூட வாலை ஆட்டுகிற பிறவி. ஆனால் இந்த ஒரு கிழமைக்குள் இரண்டு பிங்கான் கோப்பை, ஒரு தயிர் முட்டி (தயிரோடு), சுவாமி அறை வாசலில் வைத்திருந்த செம்பு, மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து அலுமாரியின் கதவு எல்லாம் போய்விட்டன. எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. திரும்பும்போது பின்பக்கம் எங்கே இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து படலையைத் திறந்தேன். சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து புறப்பட்டான். விறாந்தையில் திரும்பும்போது நான்கு காலும் நான்கு திசைக்குப் போக, வயிற்றால் சறுக்கிக்கொண்டு வந்து சின்ன மேசையில் மோதினான். தேநீர் அவன் தலையில் கொட்டியது. அதோடு எழும்பி வந்து என்னை நக்கினான். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் மேசையோடு அம்மாவின் கைத்தடியும் போய்விட்டது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் சரியில்லை. நல்ல காலம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி சொன்னது: “ஒன்றில் வெளியே கட்டுங்கள், இல்லாவிட்டால் வயல் காவலுக்கு யாருக்காவது கொடுங்கள்.” அன்று இரவு மகள் சாப்பிடவில்லை.

வயது போகப் போக இது அடங்குமா? இல்லை, அவன் உடம்பில் ஏதும் குறை இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிக் காற்று | சனி, இரவு 9.48

வீமன் என்று பெயர் வைத்துவிட்டு உடைக்கிறான் என்று அழுதால் எப்படி? கதாயுதத்தைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு திரிகிறான், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரியும் (நாயைச் சொல்கிறேன், மனைவியை அல்ல) இரண்டு வயது வரை இப்படித்தான் இருந்தாள். பெரிய உடம்புக்காரருக்கு எலும்பு வளர்ந்து முடியவே ஒன்றரை வருடம் ஆகும். கால் முதலில் நீளும், புத்தி பின்னால் நடந்து வரும். பொறுங்கள்.

நேர்ப்பேச்சு | சனி, இரவு 10.15

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாயை வீட்டுக்குள் விட்டதுதான் பிழை. எங்கள் அப்பா காலத்தில் நாய் வாசற்படி தாண்டியதில்லை. வயதான தாய் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மகளின் கண்ணீர் அதை ஒட்டித் தருமா? நாளைக்கே கட்டுங்கள்.

வவுணதீவு அக்கா | ஞாயிறு, காலை 6.05

தம்பி பாண்டிருப்பான், அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் நின்ற நாய் அவிழ்த்துவிடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அதிகம் உடைக்கும். பூட்டி வைத்த அன்பெல்லாம் ஒரே பாய்ச்சலில் வரும்.

நேர்ப்பேச்சு, அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பா காலத்து வீட்டில் தரை எப்படி இருந்தது? எங்கள் வீட்டில் சாணி மெழுகிய தரை. நாயும் வழுக்கவில்லை, பிள்ளைகளும் வழுக்கவில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். படலையைத் திறந்தவுடன் நாயின் பெயரைச் சொல்லிக் கொஞ்சாதீர்கள். நீங்களே அதைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, பிறகு ஏன் ஓடி வந்தாய் என்று கேட்கிறீர்கள். பேசாமல், முகம் பார்க்காமல் நில்லுங்கள். பாய்ந்தால் முதுகைக் காட்டித் திரும்புங்கள். நான்கு காலும் தரையில் பட்ட பிறகு மட்டும் குனிந்து தடவுங்கள். முழங்காலால் இடிக்கச் சொல்வார்கள், அது வேண்டாம். இடிப்பதையும் விளையாட்டென்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தால் இரண்டு மூன்று கிழமையில் மாற்றம் தெரியும். ஒருவர் மட்டும் பழையபடி கொஞ்சினால் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் கணவர்.

வாடிக்காவல் | ஞாயிறு, காலை 7.30

சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவன் நான். வீட்டுக்குள் நாய் வளர்ப்பது எங்களில் வழக்கமில்லை, ஆனால் வயல் காவலுக்கு உண்டு. வயலுக்குக் கொடுக்கலாம் என்று உங்கள் வீட்டில் சொல்வதால் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் கறுவல் என்று ஒருவன் இருந்தான். வரம்பில் நடக்கத் தெரியாது. இரவில் இரண்டு முறையாவது வாய்க்காலுக்குள் விழுந்து, நனைந்துகொண்டு வந்து காவல் வாடிக்குள் என் பாயில் படுப்பான். யானை வந்தால் சத்தம் வரட்டும் என்று வயலைச் சுற்றித் தகரப் பேணிகள் கட்டிய கயிறு இழுத்திருந்தோம். அந்தக் கயிற்றில் யானை கால் வைத்ததைவிடக் கறுவல் இடறியதுதான் அதிகம். பேணிகள் கலகலவென்று கொட்டும், பக்கத்து வாடிக்காரர் யானை வெடி கொளுத்துவார், அதைக் கேட்டு அடுத்த வயல்கண்டத்துக்காரர் கொளுத்துவார். வெளியே வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் கறுவல், வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான்.

இது சிரிப்பு. சிரிப்பில்லாததும் இருக்கிறது. மனிதரோடு ஒட்டி வளர்ந்த நாய் யானையைக் குரைத்துவிட்டு வேறு எங்கும் ஓடாது, நம் காலடிக்குத்தான் ஓடி வரும். யானையும் பின்னால் வரும். உங்கள் வீமனைப் போல 31 கிலோ அன்பு இருட்டில் காலுக்குள் வந்து புகுந்தால் நீங்களும் எழும்பி ஓட முடியாது. வயலுக்குக் கொடுக்காதீர்கள். அவனுக்கும் கூடாது, எடுக்கிறவனுக்கும் கூடாது.

கல்லடிக் காற்று | ஞாயிறு, காலை 7.41

வாடிக்காவல் காக்கா, அந்தப் பேணிச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது.

ஓய்ந்த கால்நடை | ஞாயிறு, பிற்பகல் 2.10

கால்நடைத் துறையில் 30 வருடத்துக்கு மேல் வெளிக்கள வேலை செய்து ஓய்வு பெற்றவன். நான் கால்நடை வைத்தியர் அல்லன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தள்ளாடும் நாய்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பழக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை சில இருக்கின்றன.

எப்போதிருந்து இப்படி? நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தடுமாறி, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் அப்படியே இருந்தால் சிறுமூளை சரியாக வளராத குட்டியாக இருக்கலாம். சாப்பாட்டுக்குக் குனியும்போது தலை ஆடும், கால்களை அகட்டி நிற்கும். அதற்கு மருந்து இல்லை, ஆனால் வலியும் இல்லை. அப்படியான நாய்கள் சந்தோஷமாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

நேற்றுவரை நன்றாக நடந்தது இன்றைக்குத் தள்ளாடினால் அது வேறு கதை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி அங்கும் இங்கும் துடித்தால் காதைப் பாருங்கள். உட்காதில் சீழ் பிடித்தாலும் சமநிலை போய்விடும். வயதான நாய்க்குக் காரணம் தெரியாமலே இது வரும். வீட்டார் பாரிசவாதம் என்று பயந்து போவார்கள், பெரும்பாலும் சில நாட்களில் தேறத் தொடங்கும். முரசு (பல் ஈறு) வெளுத்து, சாப்பாடு வேண்டாமல், பின்கால் சோர்ந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வாயில் நுரை வந்து உடம்பு நடுங்கினால், குறிப்பாக வயலுக்கு மருந்தடிக்கும் காலத்தில், கிருமிநாசினி உள்ளே போயிருக்கக் கூடும். இப்படித் திடீரென்று வருவதற்கெல்லாம் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

வீமனுக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை. அவனை நிற்கவைத்து, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு பின்பாதத்தை மடித்து மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் அந்தக் கணமே பாதத்தைத் திருப்பி வைக்கும். அப்படியே மறந்து நின்றால் நரம்பில் கோளாறு. நான்கு காலிலும் பாருங்கள். ஓடும்போது பின்கால் இரண்டும் முயல் போலச் சேர்ந்து தாவுகிறதா, படுத்து எழும்பச் சிரமப்படுகிறதா என்றும் பாருங்கள். அல்சேஷன் இரத்தம் என்பதால் இடுப்பு மூட்டுக் கோளாறும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. கடற்கரை மணலில் அவன் விழுகிறானா?

நேர்ப்பேச்சு | ஞாயிறு, பிற்பகல் 3.02

ஒரு கோப்பை உடைந்ததற்குச் சிறுமூளை வரை போய்விட்டீர்கள், ஐயா.

களுவாஞ்சிகுடி மாமி | ஞாயிறு, மாலை 5.40

நேர்ப்பேச்சு மகன், சிரிக்க வேண்டாம். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.

வெள்ளைச்சி மூன்று மாதக் குட்டியாக மழைக்காலத்தில் எங்கள் மதிலோரம் கிடந்தாள். கண்ணிலும் மூக்கிலும் சளி, நெருப்புக் காய்ச்சல். டிஸ்டெம்பர் என்றார்கள். தடுப்பூசி போட்டிருந்தால் வந்திராது, யார் போட்டது? பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் இடது முன்கால் இன்றைக்கும் கடிகார முள் போலத் துடித்துக்கொண்டே இருக்கிறது, தூக்கத்திலும். பல்லெல்லாம் பழுப்புக் குழி. நேராக நடக்கமாட்டாள், கோலம் போடுவது போலத்தான் வருவாள். இப்போது ஐந்து வயது.

அவளுக்காக வீட்டை மாற்றினோம், பெரிய செலவில்லை. தண்ணீருக்கு அலுமினியச் சட்டி வைத்தால் கவிழ்த்துவிடுவாள் என்று அடிகனத்த மண்சட்டியைப் பாதி மணலுக்குள் புதைத்தோம். படியில் ஒரு பலகையைச் சாய்த்துச் சாக்கு அடித்தோம். கிணற்றுக்கட்டு தாழ்வு, அதற்கு மட்டும் கம்பி வலை மூடி செய்ய வேண்டியிருந்தது. சோறு வைத்தால் என் மகன் அவளுக்குப் பின்னால் இரண்டு காலையும் தூணாக வைத்து நிற்பான், அவள் சாய்ந்துகொண்டு சாப்பிடுவாள். அவன் இப்போது கொழும்பில் படிக்கிறான். அந்த இடத்தில் ஓர் உரலை வைத்திருக்கிறோம். உரலில் சாய்ந்தும் சாப்பிடுகிறாள், ஆனால் இடைக்கிடை திரும்பிப் பார்க்கிறாள்.

என் மடியில் ஏற முயன்று விழாத நாள் இல்லை. நான் கீழே பாயில் இருந்துவிடுவேன், அவ்வளவுதான்.

நேர்ப்பேச்சு | ஞாயிறு, மாலை 6.11

மன்னிக்க வேண்டும் மாமி. தெரியாமல் எழுதிவிட்டேன்.

பாண்டிருப்பான் | செவ்வாய், இரவு 8.55

ஐயா சொன்னபடி பார்த்தேன்.

பாதத்தை மடித்து வைத்தால் நான் கையை எடுக்க முன்னமே திருப்பி வைக்கிறான். மூன்றாவது முறை விளையாட்டென்று நினைத்துக் கையைக் கொடுத்தான். தலை சாய்வில்லை, முரசு நல்ல சிவப்பு. முயல் தாவல் இல்லை, எழும்புவதற்கும் கஷ்டமில்லை.

நேற்று மாலை மகளோடு கடற்கரைக்குக் கொண்டு போனேன். ஈர மணலில் அவன் ஓடியதைப் பார்த்தபோது அது எங்கள் நாய்தானா என்று இருந்தது. நண்டைத் துரத்திப் போய், கரைவலைத் தோணியைச் சுற்றி, ஒரு காலும் பிசகாமல் திரும்பி வந்தான். வீட்டுக்கு வந்து விறாந்தையில் ஏறி மூன்றாவது அடியில் விழுந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் சீமெந்துத் தரையை மறைத்து டைல்ஸ் போட்டோம். பளபளப்பு வேண்டுமென்று தேடி வாங்கியவன் நான்தான். இப்போது காதைக் கொடுத்துக் கேட்டால், நடக்கும்போது நகம் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது.

ஓய்ந்த கால்நடை | செவ்வாய், இரவு 9.30

அப்படியானால் நாயில் குறை இல்லை. நகத்தையும் தரையையும் பாருங்கள்.

நாய் ஓடும்போது நகத்தை மண்ணில் குத்தித்தான் திரும்பும். டைல்ஸில் குத்த முடியாது. நகம் நீண்டால் பாதத்தின் மெத்தைப் பகுதி நன்றாகப் பதியாது, பளிங்குத் தரையில் ஆணிச் செருப்போடு நிற்பது போல. பாத விரல்களுக்கு இடையில் மயிர் வளர்ந்திருந்தால் அதையும் கத்தரியுங்கள்.

நகம் வெட்டும்போது கவனம். உள்ளே இரத்தக் குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக, சில நாட்களுக்கு ஒருமுறை வெட்டுங்கள். ஒரே நாளில் அளவாக்க நினைத்தால் இரத்தம் வரும், அடுத்த முறை கத்தரியைக் கண்டாலே அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவான். வீதியில் நடத்தினாலும் நகம் தேயும். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் காலத்து மத்தியானத்தில் தார் போட்ட கார்ப்பெட் வீதியில் கொண்டு போகாதீர்கள். உங்கள் புறங்கை தாங்காத சூட்டை அவன் பாதமும் தாங்காது.

பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான், நிறைய நாய்கள் முன்காலைத்தான் நினைத்து நடக்கும், பின்கால் தானாக இழுபட்டு வரும். வளவில் ஐந்தாறு தென்னமட்டைகளை ஓரடி இடைவெளியில் குறுக்கே போட்டு, மெதுவாக, ஒன்றையும் தட்டாமல் கடக்கப் பழக்குங்கள். ஓட விடக்கூடாது. தினமும் ஐந்து நிமிடம் போதும்.

ஆரையூர் அலை | செவ்வாய், இரவு 10.04

தரையைப் பெயர்க்க வேண்டாம், அண்ணன். அவன் ஓடும் பாதையில் மட்டும், அதாவது குசினி வாசல், விறாந்தைத் திருப்பம், படலைப் பக்கக் கதவு, இந்த மூன்று இடத்தில் தும்புப் பாய் போடுங்கள். அடியில் றப்பர் வைத்தது வேண்டும். சும்மா சாக்கைப் போட்டால் சாக்கோடு சேர்ந்து சறுக்குவான். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் சாக்கில் ஏறி நேராகக் குளிர்சாதனப் பெட்டி வரை போனார்.

வால் நுனியையும் பாருங்கள். சுவரில் அடித்து அடித்துக் காயம் வந்தால் ஆறவே ஆறாது, ஒவ்வொரு சந்தோஷத்துக்கும் திரும்ப உடைந்து சுவரெல்லாம் இரத்தப் புள்ளியாக இருக்கும். ஒடுங்கிய நடைபாதையில் நின்று கொஞ்சாமல் அகலமான இடத்துக்கு வந்து கொஞ்சுவதுதான் வழி.

வவுணதீவு அக்கா | புதன், காலை 5.50

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப் பாய்கிற நாயின் பல்லோ நகமோ பிள்ளைகளின் தோலைக் கீறுவது சாதாரணம். நம் வீட்டு நாய்தானே என்று எண்ணெய் பூசிவிட்டு விடுகிறோம். தோல் கிழிந்தால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். நாய்க்கு விசர் நாய்த் தடுப்பூசி வருடா வருடம் போட்ட அட்டை கையில் இருக்கட்டும். ஊசி போட வரும் நாளில் “எங்கள் நாய் சாது” என்று சொல்லி ஒளித்து வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாண்டிருப்பான் | மூன்று கிழமைக்குப் பின், ஞாயிறு, காலை 10.15

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

தும்புப் பாய் மூன்று வாங்கினோம். விறாந்தைத் திருப்பத்தில் இப்போது அவன் விழுவதில்லை. ஒரு பாயைப் படுக்கைக்கு என்று இழுத்துக்கொண்டு போய்விட்டான், அதைத் தரமாட்டேன் என்கிறான். நகம் பாதிதான் குறைந்திருக்கிறது. ஒரு நாள் கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தென்னமட்டைப் பழக்கம் மகளின் வேலை. முதல் நாள் ஆறு மட்டையையும் இழுத்துக்கொண்டு வந்தான். இப்போது மூன்றைத் தட்டாமல் கடக்கிறான், நாலாவதை எடுத்துக் கடிக்கிறான்.

அம்மாவின் கதைதான் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. போன கிழமை வேலையிலிருந்து நேரத்தோடு வந்தேன். அம்மா கைத்தடியால் தரையில் இரண்டு தரம் தட்டினார். வீமன் வந்தான், ஓடாமல் நடந்து வந்தான், ஒரு முழத் தூரத்தில் இருந்துகொண்டான். அம்மா கதிரையில் நன்றாக அமர்ந்த பிறகு பாண் கரையைப் பிய்த்துக் கொடுத்தார். அதன் பின்தான் தலையை மடியில் வைத்தான். எத்தனை நாளாக இது என்று கேட்டேன். “நீ கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிரு” என்றார்.

நேற்று இரவு சொதிச் சட்டி உடைந்தது. உடைத்தது நான். மனைவி அவனைத்தான் பார்த்தாள்.

நேர்ப்பேச்சு | ஞாயிறு, காலை 10.32

நீங்கள்தான் உடைத்தது என்று வீட்டில் சொன்னீர்களா?

பாண்டிருப்பான் | ஞாயிறு, காலை 10.40

இன்னும் இல்லை.

கல்லடிக் காற்று | ஞாயிறு, காலை 10.41

பாவம் வீமன். பாண் கரை ஒன்று கூடக் கொடுங்கள்.